பிழைக்கத் தெரியாதவர்கள்

புளியங்குடியில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். 'அவனுக்கென்ன, நல்லா இருக்கான்' என்பது ஒன்று. 'அவனா... ரொம்ப நல்லவன்' என்பது இன்னொன்று. முதல் பதிலுக்குள் மாடி வீடு, மெயின் ரோட்டில் கடை, வெளிநாட்டில் மகன் எல்லாம் அடக்கம். இரண்டாவது பதிலைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். கூடவே ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்: 'ஆனா, பிழைக்கத் தெரியாதவன்.'

டீக்கடை பெஞ்சிலும், ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போகிற பஸ் நெரிசலிலும், மாப்பிள்ளை பற்றித் துப்பு விசாரிக்கும் வீட்டுத் திண்ணையிலும் இந்த வால் தவறாமல் ஆடுகிறது. யாரும் இதைத் திட்டாகச் சொல்வதில்லை, அனுதாபமாகத்தான் சொல்கிறார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. திட்டு என்றால் திருப்பிக் கேட்கலாம். அனுதாபத்தை யார் கேள்வி கேட்பது?

தமிழில் 'பிழைத்தல்' என்றால் உயிர் தப்பி வாழ்தல் என்றும் பொருள், தவறு செய்தல் என்றும் பொருள். சொல் அப்படி அமைந்தது எப்படியோ, ஊர் அதை ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டது: பிழை செய்யத் தெரிந்தவனே பிழைப்பான்!

'நல்ல வாழ்க்கை எது?' என்பது அறவியலின் மிகப் பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் இதற்கு 'யூடைமோனியா' என்று ஒரு சொல்லை வைத்திருந்தார். வெறும் சந்தோஷம் என்று அதை மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். புளியங்குடிக்காரருக்கு அதை எலுமிச்சையை வைத்துச் சொல்லிவிடலாம். எலுமிச்சை மரம் 'நல்லா இருக்கு' என்றால் என்ன அர்த்தம்? வேலி பெரிதாக இருக்கிறது என்றா? நோயில்லாமல் வளர்ந்து, எலுமிச்சைக்கு உரிய காயைக் காய்க்கிறது என்றுதானே? மனிதன் நன்றாக இருப்பதும் அப்படித்தான் என்றார் அவர். மனிதனுக்கு உரிய காய் அறிவும் நேர்மையும் துணிவும். அவர் கணக்கில் 'நல்லா இருக்கான்', 'நல்லவன்' என்று இரண்டு தனிப் பதில்கள் கிடையாது.

அடுத்து கான்ட். 1785-இல் வந்த தன் நூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை வந்தாலும் அதே விலைக்குத்தான் விற்பார். நல்லவர்தானே? பொறுங்கள் என்கிறார் கான்ட். பெயர் கெட்டால் வியாபாரம் போய்விடும் என்று பயந்து நேர்மையாக இருந்தால், அது வியாபாரப் புத்தி மட்டுமே. அதுதான் சரி என்பதற்காகவே செய்தால்தான் அறம். ஏதோ ஒரு சந்தையில், எலுமிச்சை மூட்டையை எடை போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காயை நாலு நாள் வைத்திருக்க முடியாத விவசாயி, போடுகிற எடையை வாங்கிக்கொண்டுதான் போவார். யாரும் பார்க்காத அந்த நிமிடத்திலும் முள் சரியாக நின்றால், கான்ட் அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வார். ஊர் என்ன சொல்லும்? அதே வால்தான்.

இன்பத்தை வைத்தே அறத்தை அளந்த ஜான் ஸ்டூவர்ட் மில் கூட 'பிழைக்கத் தெரிந்தவன்' பக்கம் வரமாட்டார். அவர் தராசில் எடை போடுகிறவரின் இன்பமும் விவசாயியின் இன்பமும் ஒரே எடை. தன் தட்டில் மட்டும் விரலை வைத்து அழுத்த அங்கே அனுமதியில்லை.

'சரி, தத்துவம் சோறு போடுமா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் குடும்பம் நடத்துகிற பெண்ணிடம் போய் 'பணம் முக்கியமில்லை அக்கா' என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. வள்ளுவரும் அப்படிச் சொல்லவில்லை. 133 அதிகாரங்களில் அறத்துக்கு 38, பொருளுக்கு 70! ஓரளவு வசதியும் நண்பர்களும் இல்லாமல் நல்ல வாழ்க்கை முழுமையாகாது என்று அரிஸ்டாட்டிலும் ஒப்புக்கொண்டார். ஆகவே சண்டை பணத்தோடு இல்லை. நல்லவன் கஷ்டப்படுவதை இயற்கை விதிபோல ஏற்றுக்கொள்ளும் அந்த வாலோடுதான்.

புளியங்குடியிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி தாண்டிப் போனால் ஒட்டப்பிடாரம். 1872-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர். அவர் ஒரு வக்கீல். சும்மா இருந்திருந்தால் 'நல்லா' இருந்திருப்பார். 1906-இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார். அதே ஆண்டு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி மூடப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தி மூலம் அனுப்பிய 347 ரூபாய் 12 அணா 1916-இல்தான் கைக்கு வந்தது. அதுவரை அந்தப் பணத்துக்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலைமை.

ஊர்க் கணக்குப்படி வ.உ.சி. பிழைக்கத் தெரியாதவர். ஆனால் அந்த மனிதர் சிறையில் என்ன செய்தார்? 'மெய்யறம்' என்று ஓர் அறநூல் எழுதினார். 1914-இல் அது வெளியானது. அதன் முதல் பகுதிக்குப் பெயர் 'மாணவரியல்'. செக்கிழுத்த கை, வாழ்க்கையைத் தொடங்கப் போகிற பிள்ளைகளிடம் அறத்தைப் பற்றிப் பேசியது! பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்தவருக்கு ஒரு வெள்ளைக்காரரின் நன்றியை மறக்கத் தெரியவில்லை. இதுவும் பிழைக்கத் தெரியாத குணம்தானோ?

1936-இல் தூத்துக்குடியில் அவர் இறந்தார். அவர் வறுமையைத் தியாகம் என்று பாடுவது சுலபம். பாடிவிட்டால் பொறுப்பு முடிந்தது. உண்மை என்னவென்றால், அவர் தன் பங்கைச் சரியாகச் செய்தார், கூட இருந்த சமூகம் தன் பங்கைச் செய்யவில்லை. நல்லவன் வறுமையில் இருந்தால் அது அவனுடைய குறை என்று எப்படி ஆகும்? நேர்மையாக எடை போடுகிறவர் வாழ முடியாத சந்தை என்றால், பிழை சந்தையில் இருக்கிறது.

கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வாக்கியம் முதல் மாதத்திலேயே வந்து சேரும். பொய் பில்லில் ஒரு கையெழுத்து, பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு முகம்... மறுத்தால், 'தம்பி, பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே' என்று அன்போடு ஒருவர் தோளில் கை போடுவார். அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்:

'அண்ணே, நல்லவன் பிழைக்க முடியாதபடி இந்த இடத்தை வச்சிருக்கிறது யாரு?'