அருகம்புல்லுக்கு ஹவாயில் ஒரு பெயர்



சென்ற விநாயக சதுர்த்தியன்று, நாகபுரியில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் வேலியோரம் அருகம்புல் பறித்துக்கொண்டிருந்தேன். அண்டை வீட்டு மராத்தியர் அதனைத் 'துர்வா' என்றார். எதிர்வீட்டுப் பீகார்க்காரர் 'தூப்' என்றார். இதே புல்லுக்குப் பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிலும் ஒரு பெயர் உண்டு என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன்.

அவர்கள் இதனை 'மானியெனியே' என்பர். முற்றங்களிலும் மைதானங்களிலும் தரையோடு தரையாய்ப் படர்ந்து, கணுதோறும் வேரூன்றும் நம் அருகேதான். ஆயினும் அது அத்தீவுகளின் பூர்வீகப் புல் அன்று, வெளியிலிருந்து வந்தது. அதனால் 'மானியெனியே ஹாவோலே' என்றும் வழங்கும். 'ஹாவோலே' என்பது அயலாரையும் அயலிலிருந்து வந்ததையும் குறிக்கும் சொல். இந்நாளில் பெரும்பாலும் வெள்ளையரைச் சுட்டும். கரும்புத் தோட்டம் எனப் பொருள்படும் 'மஹிகோ' என்பதைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு.

அதே பெயரில் இன்னொரு புல்லும் இருக்கிறது: 'மானியெனியே உலா'. இது நம் உலா அன்று. சிவப்பு என்று பொருள். இதற்குப் 'பிலிபிலி உலா' என்றும் பெயர். 'பிலி' என்றால் ஒட்டிக்கொள்ளுதல். நடப்பவர் ஆடையில் இதன் விதைகள் அப்பிக்கொள்ளும். நம்மூர்த் தரிசுகளிலும் இப்புல் உண்டு. வேட்டிக்கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டா.

1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியபின் நலிந்த மொழி ஹவாய் மொழி. மேரி புகுயி அம்மையாரும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957இல் வெளியிட்ட அகராதி இத்தகைய செடிகொடிப் பெயர்களைத் திரட்டி வைத்தது. 1978இல் அம்மொழி அங்கே ஆட்சிமொழியும் ஆயிற்று.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. இன்று அங்கே அடைமொழி ஏதுமின்றி 'மானியெனியே' என்றாலே அருகுதான். வந்து குடியேறிய புல்லின் பெயரிலிருந்து 'அயல்' உதிர்ந்துவிட்டது! ஆங்கிலத்திலோ அதனைப் பெர்முடாப் புல் என்பர். பெர்முடாவும் அதன் தாயகம் அன்று.

இவ்வூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அலுவலகத்தில் நான் 'மதராஸி பாபு'தான். இங்கேயே பிறந்த என் மகன் அன்று கூடையுடன் ஓடிவந்து, "அப்பா, துர்வா இவ்வளவு போதுமா?" என்று கேட்டான்.

போதும் என்றேன்.