ஊரார் அபிப்பிராயம் யாருக்கு வேண்டும்?

குருவிநத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள பாகூர் கொம்யூன் கிராமங்களிலும் நமது பத்திரிகையைப் படித்துவரும் தோழர்கள் சிலர், போலீசைப் பற்றியும், ஆஸ்பத்திரியைப் பற்றியும், நிலத்தைத் துளைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் திட்டத்தைப் பற்றியும் தங்கள் அபிப்பிராயங்களைச் சொல்லி, நமது அபிப்பிராயம் என்னவென்று கேட்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு விஷயங்கள் போலத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கிராமத்தானுடைய அபிப்பிராயத்தை யார், எங்கே, எப்பொழுது கேட்கிறார்கள் என்கிற ஒரே கேள்விதான் மூன்றுக்கும் அடியில் கிடக்கிறது.

எண்ணெய் விஷயத்தை முதலில் எடுத்துக் கொள்ளுவோம். 2018ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் நாடெங்கும் 55 வட்டாரங்களை எண்ணெய் தேடுவதற்காகக் கம்பெனிகளுக்கு விட்டது. அதில் 41 வேதாந்தா கம்பெனி ஒன்றுக்கே போயிற்று. அந்தக் கம்பெனி 2019இல் விழுப்புரம், புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் பக்கங்களில் கடலிலும் கரையிலுமாக 274 கிணறுகள் போட அனுமதி கேட்டது. பாகூர் நிலத்துக்கு வேறு பெயர் வேண்டியதில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அதுதான். இவ்வளவு நிலத்துக்கும் ஏரிக்கும் சொந்தக்காரர்களான ஜனங்களை, "உங்கள் ஊரை விடப் போகிறோம், சம்மதமா?" என்று ஒருவன் ஒரு வார்த்தை கேட்டானா?

கேட்கிற வழக்கம் இந்த நாட்டில் எப்பொழுதுதான் இருந்தது? பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. வேதசாஸ்திரம் படிக்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட மூன்று கிராமங்கள்! அந்தக் கிராமங்களில் உழுதவனும் நட்டவளும் தங்கள் விளைச்சல் யாருக்குப் போகப் போகிறது என்பதைச் செப்பேடு அடித்த பிறகுதான் அறிந்திருப்பார்கள். அன்று செப்பேடு, இன்று ஒப்பந்தக் காகிதம். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் மாறியிருக்கிறார்கள். கொடுக்கப்படுகிறவன் அதே உழவன்தான்.

நிற்க. நாம் எண்ணெய்க் கிணற்றை விஞ்ஞானத்துக்கு விரோதமாக நின்று எதிர்க்கவில்லை. "பூமித்தாய் வயிற்றில் குத்தலாமா, அவள் கோபித்துக் கொள்ள மாட்டாளா?" என்று பேசுகிற தோழர்களை அந்தப் பேச்சை விட்டுவிடும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். பூமிக்குக் கோபமும் இல்லை, தாபமும் இல்லை. ஆனால் கேள்வி கேட்பவர்களை விஞ்ஞான விரோதிகள் என்று ஏசுகிற கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூமி பூஜை போட்டு, தேங்காய் உடைத்து வேலையை ஆரம்பிக்கிற நீங்களா எங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பது?

விஞ்ஞானம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். எண்ணெய்க் கிணறு ஆயிரக்கணக்கான அடி கீழே போகிறது. போகிற வழியில், நமது போர் பம்புகள் தண்ணீர் இழுக்கிற மணற்படுகையைத் துளைத்துக் கொண்டுதான் போக வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கும் குழாய்க்குள் வருகிறதற்கும் நடுவே இருப்பது இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டுந்தான். எண்ணெயோடு உப்புத் தண்ணீரும் மேலே வரும். அதை எங்கே கொண்டு போய் விடுவது என்பது ஒரு கேள்வி. அழுத்தம் கைமீறினால் கிணறு வெடித்துக் கிளம்பும். கோதாவரி டெல்டா நம்மைப் போலவே நெல்லும் தென்னையுமான பூமி. அங்கே பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் கிளம்பிய தீ 65 நாள் எரிந்தது. அதே பக்கத்தில் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27ந் தேதி வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அஸ்ஸாமில் பாக்ஜான் கிணறு 2020 மே மாதம் வெடித்து, ஐந்து மாதத்துக்கு மேல் அடங்கவில்லை.

எண்ணெய் வந்தால் ஆஸ்பத்திரி வரும், உத்தியோகம் வரும் என்று சொல்லுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெரிய வியாதி என்றால் பாகூர்க்காரர்கள் பலர் கோரிமேட்டு ஜிப்மருக்கு ஓடுகிறார்கள். குருவிநத்தத்தில் நெருப்பு பட்டவனை எத்தனை நிமிஷத்தில், எந்த வண்டியில், எந்த வார்டில் கொண்டு போய்ச் சேர்ப்பது? கிணறு போட விரும்புகிறவன் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். கிணறு வந்த பிறகு ஆஸ்பத்திரி வருமாம்! பிணம் போன பிறகு வைத்தியன் வருவது போல.

இந்தக் கேள்விகளை எல்லாம் கிராமத்தான் நேரில் கேட்பதற்கு ஒரே ஒரு இடம் இருந்தது. 2006ஆம் வருஷத்து உத்தரவின்படி பொதுஜனங்களைக் கூட்டி வைத்து விசாரணை நடத்தி, அவர்கள் சொன்னதை எழுதிக் கொண்டாக வேண்டும். அந்தக் கூட்டங்கள் யோக்கியமாக நடந்தன என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் எழுதியாவது வைத்தார்கள். 2020 ஜனவரி 16ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு, எண்ணெயும் வாயுவும் தேடித் துளைக்கிற வேலைக்கு அந்த விசாரணையே வேண்டியதில்லை என்று தள்ளிவிட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டு சர்க்கார் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டு வந்தது. அதில் கடலூர் ஜில்லாவில் தெற்கே உள்ள ஐந்து ஒன்றியங்கள் மட்டுமே சேர்ந்தன. பெண்ணைக்கு அக்கரையும் அதில் இல்லை. இக்கரையோ வேறு சர்க்கார்.

பஞ்சாயத்தாவது பேசுமா என்றால், பஞ்சாயத்து எங்கே இருக்கிறது? பிரெஞ்சுக்காரன் 1880இலேயே கொம்யூனுக்குத் தேர்தலும் மேரும் கொடுத்தான். அந்தத் தேர்தல்களின் லட்சணம் வேறு கதை. சுதந்தரம் வந்த பிறகு 1968இல் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழித்து 2006இல்! அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தார்கள்; அதுவும் நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால் போதுமா?

வாய் இல்லாத ஊர் காலால் பேசும். அதாவது தெருவில் வந்து நிற்கும். உடனே அது போலீஸ் விஷயமாகிவிடுகிறது. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ந் தேதி குழாயில் எண்ணெய் கசிந்தது என்று நின்ற ஜனங்கள் தடியடி பட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். தூத்துக்குடியில் இதே வேதாந்தா கம்பெனியின் செம்பு ஆலையை மூடச் சொல்லி வந்தவர்களில் 13 பேர் 2018 மே மாதம் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். அந்தத் துப்பாக்கிப் பிரயோகம் தப்பு, அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்று அருணா ஜெகதீசன் கமிஷன் சொன்னது. அறிக்கை 2022இல் சட்டசபைக்கு வந்தது. "போலீசு கடுமையாக இருந்தால்தான் ஊர் ஒழுங்காக இருக்கும்" என்று எழுதுகிற தோழர் எந்த ஊரை நினைத்து எழுதினார் என்று தெரியவில்லை.

இதுவரை சர்க்காரைக் கேட்டோம். இனி நம்மவர்களையும் கேட்க வேண்டும். ஊரார் அபிப்பிராயம் என்கிறோமே, அந்த ஊரார் யார்? கோயில் மண்டபத்தில் கூடுகிற கூட்டத்தில் சேரிக்காரன் எங்கே நிற்கிறான்? நிலம் விட்டால் குத்தகைப் பணம் பட்டாக்காரன் கைக்குப் போகும். அந்த நிலத்தில் நாற்று நட்டு வயிறு கழுவுகிற பெண்ணுக்குக் கூலி நின்று போகும்; நஷ்ட ஈடு என்ற வார்த்தையே அவள் காதில் விழாது. போலீசு ஊருக்குள் வந்தால் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. காலனிக் குழாயில் தண்ணீர் கெட்டால் கேன் தண்ணீர் வாங்க அங்கே காசும் கிடையாது. மூன்று விஷயத்திலும் அதிகமாக அடிபடுகிறவனை விட்டுவிட்டு, அடிபடாதவன் மாத்திரம் கூடி எழுதுகிற தீர்மானத்துக்கு ஊர்த் தீர்மானம் என்று பெயர் வைப்பது, சர்க்கார் நமக்குச் செய்வதையே நாம் சேரிக்குச் செய்வதாகும்.

ஆகவே குருவிநத்தம் தோழர்களை நாம் கேட்டுக் கொள்ளுவது இது. கோயில் மண்டபம் வேண்டாம். எல்லோரும் கூச்சமின்றி உட்காரக்கூடிய பள்ளிக்கூட வாசலில் கூடுங்கள். ஆணும் பெண்ணும், ஊரும் காலனியும் ஒரே பாயில் உட்காரட்டும். கிணறு வேண்டுமென்கிறவனும் பேசட்டும், வேண்டாமென்கிறவனும் பேசட்டும், இரண்டையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும். ஒரு பிரதியைக் கலெக்டருக்கும் ஒரு பிரதியைச் சட்டசபை மெம்பருக்கும் அனுப்பி, ரசீதை வாங்கி வையுங்கள். பாகூர் கொம்யூனுக்குள் எந்தெந்த சர்வே நம்பரில் கிணறு கேட்டிருக்கிறார்கள், தேர்தல் ஏன் நடக்கவில்லை என்ற இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். வருகிற பதிலை நமக்கு அனுப்பினால், அப்படியே வெளியிடுவோம்.