நிதானமும் துணிவும்

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தால் நம்மில் பலர் இதை மறப்பதே இல்லை. சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவோம். ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்து வைப்போம். எதிராளி வரட்டும் என்று காத்திருப்போம். இத்தகைய நாம், தாக்கி ஆடும் தொடக்கம் ஒன்றைக் கற்கலாமா? கட்டாயம் கற்க வேண்டும் என்போம்.

காத்திருப்பதால் போர் நின்று விடுவதில்லை. எதிராளி விரும்பிய நேரத்தில், அவள் விரும்பிய இடத்தில் அது வருகிறது. அதைவிட நாமே நேரமும் இடமும் குறிப்பது மேல் அல்லவா?

‘கிங்ஸ் காம்பிட்’ என்னும் பழைய தொடக்கத்தைப் பாருங்கள். இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார்கள். உடனே வெள்ளை, ராஜாவின் பக்கத்திலுள்ள மந்திரியின் சிப்பாயையும் இரண்டு கட்டம் முன்னே வைத்து, “வேண்டுமானால் வெட்டிக்கொள்” என்கிறது. கறுப்பு வெட்டினால் அதன் சிப்பாய் நடுப்பகுதியை விட்டு விலகும். ஆனால் வெள்ளை ராஜாவின் ஒரு பக்கம் திறந்து கிடக்கும். பலகையின் ஓரத்திலிருந்து கறுப்பு ராணி ‘செக்’ சொல்லக்கூடும். எனவே பலரும் மூன்றாவது நகர்வில் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்து, அந்த ஓரக் கட்டத்தைக் காக்கிறார்கள். தாக்குதல் ஆட்டத்தின் மூன்றாம் நகர்வே ஒரு காவல் நகர்வு!

“இதை ஆடினால் தோற்றுப் போவோமே” என்று தோழியர் கேட்கலாம். 1960-ல் அர்ஜென்டினாவில் போரிஸ் ஸ்பாஸ்கி இதே தொடக்கத்தால் பாபி பிஷரை வென்றார். 1961-ல் பிஷர், இத்தொடக்கம் தோல்வியிலேயே முடியும் என்று கட்டுரை எழுதினார். ஆனால் 1963-ல் அவரே இதை ஆடி வெற்றி பெற்றார்! பின்னாளில் இருவருமே உலகச் சாம்பியன் ஆனார்கள். தொடக்கம் மட்டும் யாரையும் வெல்ல வைப்பதுமில்லை, வீழ்த்துவதுமில்லை.

இவ்வகை ஆட்டத்தில் ஒரு நகர்வு வீணானாலும் கொடுத்த சிப்பாய் கொடுத்ததுதான். அவசரக்காரருக்கு இது ஆகாது. “அடுத்து அவள் என்ன செய்வாள்?” என்று ஓயாமல் கேட்கும் நமக்கே இது ஏற்றது. முதலில் தோழியருடன் ஓய்வு நேரத்தில் ஆடிப் பழகுவோம். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் தெரிந்து ஆடுவோம். சில ஆட்டங்கள் போகட்டும். எங்கே தவறியது என்பது விரைவில் தெரிந்துவிடும்.

நிதானம் என்பது கை கட்டி உட்கார்ந்திருப்பதன்று. ஆழம் பார்த்தபின் இறங்குவதும் நிதானமே. எத்தனை நாள்தான் கரையிலேயே நிற்பது? இறங்குவோம், வாருங்கள்!