விகடகவியும் ஜாவாவும்

போன ஞாயிற்றுக்கிழமை அலிப்பூரில் நல்ல மழை. தேசிய நூலகம் பக்கம் வாக்கிங் போக முடியவில்லை. பத்தாவது படிக்கிற பையன் ஜாவா வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். எல்லாம் ஸ்ட்ரிங் பயிற்சிகள். சொல்லின் நீளம் எவ்வளவு, தலைகீழாகத் திருப்பு, ஆங்கில 'மேடம்' போல இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பார். நான் பி.காம். ஆசாமி. சும்மா இருக்காமல், "நம்ம விகடகவியைப் போட்டுப் பாரேன்டா" என்றேன்.

போட்டான். "இல்லை" என்று வந்தது. "அப்பா, உங்க விகடகவி பாலிண்ட்ரோம் இல்லையாம்!"

இங்கேயே வளர்ந்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். மெஷின் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து நோண்டினோம். யூனிகோடில் 'வி' ஒரே எழுத்து இல்லை. வ ஒன்று, இகரக் குறி ஒன்று. அதனால் விகடகவியின் நீளம் ஐந்து அல்ல, ஏழு. திருப்பினால் குறி முதலில் வந்து நிற்கிறது! 'தமிழ்' என்பதற்கே லெங்த் 5 என்கிறது ஜாவா.

இது விளையாட்டு இல்லை சார். 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து, ஜாவாவுக்கு 15. பேருக்குப் பத்து இடம் என்று சப்ஸ்ட்ரிங்கில் வெட்டினால் 'கிருஷ்ணமூர' என்று நிற்கும். புள்ளியும் போச்சு, பேரும் போச்சு. பாஸ்புக்கில் பேர் ஓர் எழுத்து மாறினால் வாடிக்கையாளர் என்ன பாடுபடுவார் என்று கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் குற்றம் ஜாவா மேல் இல்லை. 1996இல் வந்த நாளிலிருந்தே அதில் யூனிகோட் உண்டு. 2017இல் வந்த ஜாவா 9 முதல், ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால் வி, க, ட, க, வி என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த வரிசையைத் திருப்பினோம். "ஆமாம்" என்று வந்தது. பையன் முகத்தில் சிரிப்பு!

நான் சொல்வது இதுதான். முதல் பாடத்திலேயே ஆங்கிலச் சொல்லோடு ஒரு தாய்மொழிச் சொல்லையும் கொடுங்கள். மொழிப்பற்றுக்காக அல்ல. நாம் எழுத்து என்று நினைப்பதும் மெஷின் எண்ணுவதும் வேறு என்பதை இதைவிடச் சுலபமாகப் புரியவைக்க முடியாது. நாளைக்கு வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மென்பொருள் எழுதப்போவது இந்தப் பசங்கள்தானே?

பி.கு: பக்கத்து வீட்டு வங்காளிப் பையன் அவர்கள் ஊர்ப் பிரபலமான 'ரமாகாந்த காமார'வைப் போட்டான். அதுவும் "இல்லை"தான். இரண்டு பசங்களும் இப்போது ஒரே கட்சி!