சத்தம் கூடினால் குரல் கேட்குமா?

ஊராருக்கு ஒரு விடயம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம பக்கம் ஒரு கழகம் தொடங்கினால் முதல் செலவு ஜேர்சி, அடுத்த செலவு சவுண்ட் பொக்ஸ். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்கிற தம்பிமாரிடம் வட்ஸ்அப்பில் காசு சேர்த்து, ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டி வாங்குகிறோம். வருடத்தில் நாலைந்து நாள் அது முழங்கும். மற்ற நாளெல்லாம் மூலையில் கிடந்து ஒலுவில் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். பழகவேண்டிய பிள்ளையோ வெறும் தொண்டையோடு வீட்டில் இருக்கும்.

இந்தப் பழக்கம் பிழை என்றுதான் சொல்ல வருகிறோம். இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேசவேண்டியது, அதற்குள் நாம் போகவில்லை. மீலாத் மேடையில் இஸ்லாமிய கீதம் பாடுகிற பிள்ளை, தமிழ்மொழித் தினப் போட்டியில் பேசுகிற பிள்ளை, றபான் அடித்து பைத் படிக்கிற பெரியவர், கிட்டார் வாசிக்கிற கெம்பஸ் தம்பி, எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான். வீட்டிலும் பழகலாம், மேடைக்கும் ஒரு கையில் தூக்கிப் போகலாம் என்கிற ஒரு சின்ன அம்ப்.

"சின்னப் பெட்டியில் சத்தம் வராதே" என்பார்கள். பெட்டியில் அச்சடித்த வொட்ஸைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கில் "பிஎம்பிஓ" என்று போட்டிருப்பது விற்பனைக்கான எண். "ஆர்எம்எஸ்" எத்தனை என்று கேளுங்கள். அதிலும் 50 வொட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வொட்ஸ் வேண்டும். இரட்டிப்புக் காசு கொடுத்து நாம் வாங்குவது அந்த 3 டெசிபலைத்தான்.

அடுத்தது, எந்த வகை என்பது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கென்று செய்த அம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் இறங்கிவிடும். கிட்டாருக்கு அது அழகு. அதில் மைக்கைக் குத்திப் பேசினால் வாயில் துணி வைத்துப் பேசுவது போலிருக்கும். சகர, ஷகர ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. ஓதுகிற பிள்ளையின் ஸீனையும் ஷீனையும் மழுக்குகிற பெட்டி நமக்கு எதற்கு?

நமக்குப் பொருந்துவது அகூஸ்டிக் அம்ப் என்று கடையில் சொல்லும் வகை. அதில் மைக்குக்கு ஒரு சனல், கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ இன்னொரு சனல் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி வொலியூம். குரலின் மேல் ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். சில பற்றரியிலும் ஓடும். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ் 50 வொட்ஸ், எட்டு சின்ன பற்றரியில் வேலை செய்கிறது. விளம்பரத்துக்குச் சொல்லவில்லை, இப்படியும் உண்டு என்று தெரிய வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் இது சின்ன விடயமல்ல.

வீட்டில் பாவிக்க முடியாத அம்ப் பிள்ளையைப் பழக்காது. மைக்குக்கு எவ்வளவு கிட்ட நிற்பது, எங்கே மூச்செடுப்பது, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஏன் கூவுகிறது, இதெல்லாம் தினமும் கையில் பிடித்தால்தான் வரும். மேடையில் முதன்முதலாக மைக்கைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அது பிள்ளையின் குறையல்ல. ஆகவே ஹெட்போன் துளை இருக்கிறதா, குறைந்த சத்தத்திலும் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கிட்டார் மட்டும் வாசிக்கிறவருக்கு பொஸ் கட்டானா போன்றவற்றில் அரை வொட்ஸுக்கு இறக்கும் வசதியே உண்டு. அடுத்த வீட்டில் ஓஎல் படிக்கிற பிள்ளையும் நம்ம பிள்ளைதானே.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் நிர்வாகிகள் ஒலிபெருக்கி அனுமதி சம்பந்தமாக உயர் நீதிமன்றம் போனார்கள். 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா முன்னிலையில் வந்த தீர்ப்பு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது, விசேட நிகழ்வென்றால் அயலவரின் கருத்தைக் கேட்டு மட்டுப்படுத்திய நேரத்துக்குத்தான் என்றது. முழு நாட்டுக்குமான இந்தக் கட்டுப்பாடு நம் ஆட்கள் கொண்டுபோன வழக்கில் வந்தது. அதற்குப் பிறகும் நடுச்சாமத்தில் பேஸ் அடித்து ஜன்னல் அதிர வைப்பவர்களுக்கு என்ன சொல்வது? குரலைத் தாழ்த்தச் சொல்லி லுக்மான் (அலை) தன் மகனுக்குச் செய்த உபதேசத்தை வகுப்பில் படிப்பிக்கிறோம், வாசலில் மறந்துவிடுகிறோம்.

"மைதானத்துக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். விளையாட்டுப் போட்டிக்கும் பெரிய கூட்டத்துக்கும் சின்ன அம்ப் போதாது. அந்த ஒரு நாளைக்குப் பெரிய செட்டை வாடகைக்கு எடுங்கள். வாங்கும் சின்ன அம்ப்பில் லைன் அவுட் இருந்தால் அதை சவுண்ட்காரரின் மிக்ஸரில் குத்திவிடலாம். பிள்ளை தனக்குப் பழகிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடும், மைதானத்துக்கு அதே குரல் போய்ச் சேரும்.

கழகங்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் பெற்றோரிடமும் கேட்பது இதுதான். காசு சேர்க்க முன் பாவிக்கப்போகிற பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அதன் குரலிலேயே, முதலில் குறைந்த சத்தத்தில், பிறகு கூட்டி, சோதித்து வாங்குங்கள். வாங்கியதை அலுமாரியில் பூட்டாமல் முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். உப்புக்காற்றுக்கு ஒரு உறையும் போடுங்கள்.

மாற்றுக் கருத்திருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.