காசநோய் மாத்திரையை நிறுத்திய அண்ணனும் "கிராண்ட் சேலஞ்ச்" ஆராய்ச்சியும்

போன வாரம் ஓபிக்கு 48 வயது அண்ணன் ஒருவர் வந்தார். காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை மூன்றாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார். இப்போது மறுபடியும் இருமல், காய்ச்சல். எடை 39 கிலோ.

"மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கேட்டேன்.

"ஏண்ணே நிறுத்துனீங்க?"

"இருமல் நின்னுருச்சு சார். செங்கச்சூளை வேலைக்குக் குடும்பத்தோட வெளியூர் போயிட்டோம். கொண்டுபோன மாத்திரை தீந்துபோச்சு. டிபின்னு சொன்னா மேஸ்திரி வேலைய விட்டு அனுப்பிருவாரு."

நான் எழுதியது அவருடைய அலட்சியத்தை. அவர் சொன்னது வேலையை, பயத்தை, ஊர் மாறியதை. நோய் ஒன்றுதான், பிரச்னைக்கு நாங்கள் கொடுத்த வரையறைதான் வேறு வேறு.

இந்த வரையறை விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வறுமை, காலநிலை மாற்றம், தொற்றுநோய் போன்ற பெரிய சமூகப் பிரச்னைகளை நிர்வாகவியல் ஆராய்ச்சியாளர்கள் "கிராண்ட் சேலஞ்ச்" என்கிறார்கள். இதன் வேரை 1900ல் கணிதமேதை ஹில்பர்ட் முன்வைத்த 23 தீராத கணக்குகளில் தேடுவார்கள். 2003ல் கேட்ஸ் அறக்கட்டளை அந்தச் சொல்லை உலக சுகாதாரத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு நிர்வாகவியலும் எடுத்துக்கொண்டது.

அந்தத் துறையில் அதிகம் பேசப்படும் வரையறை இரண்டு.

ஒன்று: எந்தக் குறிப்பிட்ட தடையை நீக்கினால் பெரிய பிரச்னை ஒன்று தீர வழி பிறக்குமோ, அந்தத் தடைதான் கிராண்ட் சேலஞ்ச்.

இரண்டு: 2015ல் ஃபெராரோ, எட்சியன், கேமன் ஆகிய மூவர் சொன்னது. இத்தகைய பிரச்னைகள் சிக்கலானவை, எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவை, பார்ப்பவரைப் பொறுத்து வேறாகத் தெரிபவை.

முதல் வரையறையின் பலத்தை நம்மூரிலேயே பார்க்கலாம். காசநோய் மரணத்தைக் குறைக்க வேண்டும். தடை எது? மோசமான நிலையில் இருப்பவரை முதல் நாளே பிரித்தறியாமல், எல்லோரையும் போல மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதுதான். 2022ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அந்த இடத்தில்தான் கை வைத்தது. உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா... இவ்வளவுதான் பரிசோதனை. மோசமாக இருந்தால் உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் நிர்வாகவியல் இப்படித்தான் படித்தது. 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம். 1993ல் ஹார்வர்டில் பாடமானது. பார்வையின்மை என்ற மலையை, "கண்புரை அறுவை சிகிச்சையைக் குறைந்த செலவில், தரம் குறையாமல், நிறைய பேருக்கு எப்படிச் செய்வது?" என்ற கேள்வியாக மாற்றியது அவர்களின் சாதனை.

என் சங்கடம் இங்கேதான். கண்புரைக்கு ஓர் அறுவை சிகிச்சை போதும். காசநோய்க்கு ஆறு மாத வாழ்க்கை முழுக்க ஒத்துழைக்க வேண்டும். ஜெயித்த நிறுவனத்தை மட்டும் படித்தால் பாதியில் காணாமல் போனவர் ஆய்வுக்குள் வரவே மாட்டார். அதிகாரியையும் மேலாளரையும் பேட்டி எடுப்பது சுலபம். சூளையில் இருப்பவரைத் தேடிப் போவதுதான் கஷ்டம். ஆனால், "பார்ப்பவரைப் பொறுத்து வேறாகத் தெரியும்" என்று வரையறையிலேயே எழுதிவிட்டு, அவர் கண்ணால் பார்க்காமல் விட்டால் எப்படி?

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தியவரை நாங்கள் "டிஃபால்ட்டர்" என்றுதான் எழுதிவந்தோம், கடன் கட்டாதவரைச் சொல்வது போல. 2013ல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டு, "தொடர் கண்காணிப்பில் இருந்து விடுபட்டவர்" என்று மாற்றியது. முதல் சொல்லில் குற்றவாளி நோயாளி. இரண்டாவதில், அவரை ஏன் தவறவிட்டோம் என்று நாங்களும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அண்ணன் விஷயத்தில் என் பதில் இதுதான். வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள அரசு மருத்துவமனைக்குப் பதிவை மாற்றி, மாத்திரையை இலவசமாகத் தொடர முடியும். அது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை.

கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: "வேலைக்காக ஊர் மாறினார். பதிவை மாற்றும் வசதி தெரிவிக்கப்படவில்லை."

சளிப் பரிசோதனை, மருந்து எதிர்ப்புப் பரிசோதனை இரண்டுக்கும் அனுப்பி, வார்டில் சேர்த்திருக்கிறேன். அடுத்து எந்த ஊர் என்று இந்த முறை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டேன்.

உங்கள் தெருவில் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வெளியூர் வேலைக்குக் கிளம்பினால், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள்.