எந்த ஆங்கிலம்?

ஆங்கிலம் வேண்டும் என்று நம் மேடைகளில் பேசாத ஆள் கிடையாது. எந்த ஆங்கிலம் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

சேரியிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு ஆங்கிலமே தெரியாது என்பது பொய். டாலரேட் தெரியும், போஸ்ட்போன் தெரியும், ரிஜெக்ட் தெரியும். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியிருக்கிறது. ஆனால் நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் டாலரேட் என்பதை புட் அப் வித் என்கிறார். போஸ்ட்போன் அவர் வாயில் புட் ஆஃப். ரிஜெக்ட், டர்ன் டவுன். நம்ம பிள்ளைக்கு புட் தெரியும், அப் தெரியும், வித் தெரியும். மூன்றும் சேர்ந்து வந்தால் தெரியாது. பிரித்துப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. 'கம்யூனிகேஷன் போதாது' என்று குறித்து அனுப்பிவிடுகிறார்கள். சாதியைக் கேட்க வேண்டிய வேலையே இல்லை பாருங்கள்.

ஃபிரேசல் வெர்ப் என்கிற இந்தக் கூட்டுவினை பாடப் புத்தகத்தில் வளர்வதில்லை. அப்பா போனில் பேசுவதிலும் அம்மா அதட்டுவதிலும் வளர்கிறது. வீட்டில் ஆங்கிலம் புழங்குகிறவர்களுக்குச் சோற்றோடு வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. டாலரேட், போஸ்ட்போன் எல்லாம் லத்தீன் வழி வந்தவை, அங்கே படித்தவர்களின் சொற்கள். புட், கிவ், டேக் என்பவை குடியானவனும் கூலிக்காரனும் புழங்கியவை. அங்கே அடிமட்டத்தின் பேச்சு, இங்கே கான்வென்ட் கேட்டில் காவலுக்கு நிற்கிறது! 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வெளியாருக்கு ரொம்பக் கஷ்டம் இந்தக் கூட்டுத்தான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

பயப்பட ஒன்றுமில்லை தோழர்களே. விட்டுக்கொடு என்பதை விடு, கொடு என்று பிரித்தால் என்ன அர்த்தம் மிஞ்சும்? போட்டுக்கொடு என்றால் எதையும் போடவுமில்லை, கொடுக்கவுமில்லை, ஆனால் ஆள் மாட்டிக்கொள்வான். எங்க ஆயா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவள். அவள் பேச்சு பூராவும் இப்படித்தான். மெக்கானிக் ஷெட்டில் பொடியன் 'வண்டில பிக்கப் இல்லண்ணே' என்கிறான். கட் ஆஃப் எவ்வளவு என்று கூலிக்குப் போய்வந்த அம்மா கேட்கிறாள். சரக்கு நம்மிடம் இருக்கிறது.

முப்பது நாளில் ஆங்கிலம் புத்தகங்கள் இதை அகரவரிசையில் அடுக்கித் தருகின்றன. கூடவே மே ஐ கம் இன் சார். கைகட்டி நிற்கிற ஆங்கிலம். நம்மிடம் வேறு பாடம் உண்டு. 1936, லாகூர். ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அண்ணலை அழைத்தது. உரையைப் பார்த்து மிரண்டு, மாற்றச் சொன்னது. மறுத்தார்: டர்ன்டு டவுன். பணியவில்லை: டிட் நாட் கிவ் இன். எழுதியதில் உறுதியாக நின்றார்: ஸ்டுட் பை. மண்டல் பின்வாங்கியது: பேக்டு அவுட். மாநாடு ரத்து: கால்டு ஆஃப். தன் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார்: பிராட் அவுட். அதுதான் சாதி ஒழிப்பு நூல். ஆறு கூட்டுவினை, ஒரு மணி நேர வகுப்பு.

தமிழ்ப் பற்றாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றன என்று விசாரியுங்கள். நானும் தமிழில் கவிதை எழுதுகிறவன்தான். சாவித்திரிபாய் ஃபுலேயும் மராத்தியில் எழுதிய கவிஞர்தான். 1854இல் வந்த அவர் தொகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தாயாகப் பாடியிருக்கிறார்.

நான் உட்காரும் வங்கிக் கவுண்டரில் ரைட் ஆஃப் என்று ஒரு சொல் உண்டு. வராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து எடுப்பது. கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று சனங்கள் சந்தோஷமாகப் போகிறார்கள். தள்ளுபடி இல்லை, வசூலுக்கு ஆள் வருவான். பே ஆஃப் என்றால்தான் அடைத்து முடித்ததாக அர்த்தம். இந்த ஆஃப் விவகாரம் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்கள் வாரத்துக்கு ஐந்து எடுத்தால் போதும். வாக்கியத்தைப் பிள்ளைகளே அமைக்கட்டும், நம்ம தெருவின் கதையில். முதல் வாரம் டிராப் அவுட். இடைநின்றவர் என்று பதிவேட்டில் எழுதுகிறார்களே, அதுதான். பிள்ளை தானாக விழுந்ததா, யாராவது தள்ளினார்களா என்று வகுப்பில் கேளுங்கள். புஷ்டு அவுட் என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம்.